மட்டமான கச்சேரி

அன்றைக்கு அந்த அரங்கத்தில், பாட்டு மட்டமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ரசிகர் லிஃப்ட் மெக்கானிக்தான்.

இத்தனைக்கும் முப்பது வருஷ ரசிகர். அந்த ராக் குழுவின் பாட்டு ஓடாமல் ஒரு லிஃப்டுக்கும் எண்ணெய் போட்டதில்லை. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பால்கனியில், சுவரை ஒட்டிய கடைசி வரிசை. பக்கத்தில் மனைவி, வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டு.

"இவங்களாலதான் கல்யாணமான நாள்லேர்ந்து என் பாத்திரமெல்லாம் அலமாரியில குதிக்குதா?"

"பேசாம கேளு."

முதல் பாட்டு இடியாக இறங்கியது. பால்கனியில் முந்நூறு பேரும் எழுந்து குதித்தார்கள். மெக்கானிக்கும் குதித்தார்.

இறங்கிய காலுக்குத் தரை ஒரு நொடி தாமதமாகக் கிடைத்தது.

மற்றவர்களுக்கு அது குஷி. பாதி ஆயுளை லிஃப்டுக் குழிக்குள் கழித்தவருக்கு அது எச்சரிக்கை. பாரம் தாங்காத இரும்பு எப்படி முனகும் என்று அவருக்குத் தெரியும். குனிந்து பார்த்தார். சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரிசல். கையிலிருந்த டிக்கெட்டை அதில் செருகினார். நின்றது.

இரண்டாவது பாட்டு. மறுபடியும் குதித்தார்கள். டிக்கெட் உள்ளே விழுந்து காணாமல் போனது.

மூன்றாவதாக எந்தப் பாட்டு வரும் என்று எல்லா ரசிகர்களுக்கும் தெரியும். அதில் 'விழட்டும்' என்ற வார்த்தை பன்னிரண்டு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அரங்கமே சேர்ந்து குதிக்கும்.

'சாமி, அந்த டிரம்ஸ்காரர் கை மரத்துப்போகட்டும்.'

மரத்துத்தான் போனது. டிரம்ஸ்காரர் குச்சிகளை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். பாடகர் தாலாட்டு மாதிரி ஒன்றை எடுத்தார். குரல் ஒரு பக்கம் போக, சுருதி இன்னொரு பக்கம் போனது. கித்தார்காரர் இருட்டில் செருப்புத் தேடுகிறவர்போலக் கம்பிகளைத் தேடினார். முடிந்ததும் அதையே மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். அப்புறம் பாடகர் தன் பல் வைத்தியரைப் பற்றி ஆற அமரக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"தாலாட்டுறியே பெரிசு, தொட்டில் கொண்டாந்தியா?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்தார். "எழுந்திரு."

"இருங்க. இப்பதான் என் காதுக்கு ஏத்த மாதிரி பாடறாங்க."

இழுத்துக்கொண்டு நடந்தார். பால்கனிக்கு இருப்பது ஒரே படிக்கட்டு. அதுவும் குறுகல்.

"இப்படி இழுத்தா என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"பால்கனி நிக்காது. வாயைத் திறக்காம இறங்கு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "மேல அத்தனை பேர் இருக்காங்களே. வாசல்ல நிக்கிறவர்கிட்டயாவது சொல்லுங்க."

"சொல்லி, அது விழலைன்னா? என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. நீ வா."

வாசலில் காவலாளி கேட்டார். "என்ன சார், அதுக்குள்ள?"

"வீட்டுக்காரிக்கு முட்டி வலி."

எதிர்ச் சாரியில் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து ஊளைச் சத்தம் எழும்போதெல்லாம் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் தரை சரிந்தது.

இரண்டு இரண்டு பேராகக் கூட்டம் வெளியே வந்தது. கொட்டாவி, வசவு, மறுபடி கொட்டாவி. கால் மணி நேரம் போனது. அரை மணி போனது. மனைவி வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூட்டம் கரையக் கரைய மெக்கானிக்குக்குப் பயம் இறங்கியது. பயம் இறங்கிய இடத்தில் ஏமாற்றம் ஏறி உட்கார்ந்தது.

"முப்பது வருஷம் இவனுங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கடைசி ஆளும் திட்டிக்கொண்டே வெளியே வந்து சாலையைக் கடந்தார்.

அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம். மலையைத் தூக்கித் தரையில் போட்டதுபோல. கதவுகள் வழியாகப் புழுதி பீறிட்டது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. தலை முதல் கால் வரை வெள்ளையாகக் குழுவினர் நான்கு பேரும் இருமிக்கொண்டே வந்தார்கள். டிரம்ஸ்காரர் நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவி தெருவைக் கடந்து அவரிடம் போனாள். மெக்கானிக்கும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"ரெண்டாவது பாட்டுலயே பாத்துட்டோம்மா. பால்கனிக்கு அடியில சிமெண்டுக் காரை பேந்து கொட்டுச்சு. மைக்ல சொன்னா அந்த ஒத்தைப் படிக்கட்டுல ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்திருப்பாங்க. அதான், கேவலமா வாசிச்சோம்."

"கொட்டாவி விடறவங்க ஓடமாட்டாங்கம்மா," என்றார் பாடகர். "மெதுவாத்தான் எழுந்து போவாங்க. என்ன, எல்லாரும் போறவரைக்கும் நாங்க நிறுத்த முடியல."

மெக்கானிக்கைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. "அய்யா, மேல முதல்ல எழுந்து போனது நீங்கதானே? மேடையிலேர்ந்து பாத்தேன். உங்களுக்கும் ஏதாவது தெரிஞ்சுதா?"

மனைவி திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இல்லீங்க. பாட்டு சரியில்ல, அதான்."