பக்கத்து அறை விலாசம்

எடைக்குப் போட எடுத்துவைத்த பழைய லேப்டாப்பை மனசு கேட்காமல் துடைத்தெடுத்து, தன் பூந்தொட்டிப் படங்களை அதிலேயே வலைத்தளமாக வைத்தாள் செண்பகவல்லி. வெளியூரில் பலர் பார்த்தார்கள். வீட்டில் இருக்கும் அவள் போனில் மட்டும் அது திறக்கவே இல்லை.

"ஊருக்கெல்லாம் வழிவிடுறீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லைண்ணே?" என்று வீட்டு வைஃபை ரவுட்டரிடம் கேட்டது போன்.

"நீ வெளி விலாசத்தைச் சொன்னே. வாசலுக்கு வெளியே தேடிட்டு, காணோம்னு வந்துட்டேன்" என்றது ரவுட்டர்.

"நான் பக்கத்து அறையிலதானே இருக்கேன்" என்றது லேப்டாப்.

ரவுட்டருக்குக் கூச்சமாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்குள் யார் அந்த விலாசத்தைக் கேட்டாலும் பக்கத்து அறையைக் காட்டியது.

போனில் செம்பருத்தி விரிந்தது. செண்பகவல்லி சிரித்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றது லேப்டாப். "எத்தனையோ பேர் பார்த்தாங்க. என்னை எடைக்குப் போடாதவங்க இன்னைக்குத்தான் பார்த்தாங்க."