காலி சிலிண்டர்

"இன்னும் எவ்வளவு நேரம்பா? உள்ளே ஆள் வெந்துக்கிட்டு இருக்கார்."

வீட்டம்மா மூன்றாவது தடவையாகப் பால்கனிக்கு வந்து கேட்டாள். உள்ளே அவள் கணவர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தார். ஏசி மெக்கானிக்கோ பால்கனியில் சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சின்ன மெஷின் உறுமுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் அவனுக்கு ஆமை என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை.

பழுதான கம்ப்ரஸரை மாற்ற வேண்டுமானால் முதலில் உள்ளே இருக்கும் கேஸை வெளியே எடுக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் நட்டைத் தளர்த்துவார்கள். புஸ்ஸென்று கேஸ் காற்றோடு போய்விடும், வேலை முடிந்தது. ஆமை மட்டும் மெஷினை மாட்டி, கேஸ் கொஞ்சமும் வெளியே போகாமல் உறிஞ்சி, சிலிண்டரில் அடைத்துக்கொண்டு வருவான்.

அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கம்பெனியே ஒரு காலத்தில் மெஷின் வாங்கிக் கொடுத்து, வண்டிகளில் பச்சை இலைப் படமும் ஒட்டியது. இலை இன்னும் எல்லா வண்டியிலும் இருக்கிறது. மெஷின் இவன் கையில் மட்டும்தான் ஓடுகிறது.

போன தடவை வந்தவர் டக்கென்று முடித்துவிட்டுப் போனாரே என்றாள் வீட்டம்மா.

"இந்தக் கேஸ் ஒரு கிலோ மேல போனா, ஒரு கார் மாசக்கணக்கா விடற புகைக்குச் சமம்மா. வெயில் இன்னும்தான் ஏறும்."

"கேஸ் மேல போறது இருக்கட்டும். இவர் மேல போயிடாம இருக்கணும். உன் வீட்டுல ஒருத்தர் இப்படிக் கிடந்தா அப்பத் தெரியும் உனக்கு."

அவன் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி போன கோடை வரைக்கும் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, நோய் நொடி இல்லை. வெயில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார்மேல் கோபப்படுவது? வெயிலைப் பிடித்துப் போலீஸில் கொடுக்க முடியுமா?

மறுபடி வேலைக்கு வந்த அன்றைக்கு, ஸ்டோர் மூலையில் தூசி படிந்து கிடந்த அந்த மெஷினைத் துடைத்து எடுத்தான். அன்றிலிருந்து விடவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் கனத்த சிலிண்டரைக் கொண்டுபோய் இறக்கினால்தான் வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தெம்பு வரும்.

ஸ்டோர்காரர் அதை வாங்கி வைப்பார். பழைய கேஸைச் சுத்தம் செய்கிற ஆலைக்கு அது போகும். காலையில் காலி சிலிண்டர் தயாராக நிற்கும். "அனுப்பியாச்சாண்ணே?" என்பான். "ஆச்சு தம்பி," என்பார் அவர். அந்த இரண்டு வார்த்தைக்காகவே அவன் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருவழியாக வேலை முடிந்தது. அறை குளிர்ந்தது, நோயாளி தூங்கினார். வீட்டம்மா நன்றி சொல்லவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"வீட்டைக் குளிர வைக்கத்தான் உனக்குச் சம்பளம். உலகத்தைக் குளிர வைக்க இல்லை. நாளைக்கு அந்த மெஷினைத் தொட்டே, வேலைக்கு வராதே."

ஆமை தலையை ஆட்டிவிட்டு, கனத்த சிலிண்டரை வழக்கம்போல ஸ்டோரில் இறக்கிவிட்டுக் கிளம்பினான். பஸ் நிறுத்தம் வரை போனவனுக்கு மேலே போகக் கால் வரவில்லை. முதலாளி யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது ஸ்டோர்காரர் பேச்சைத்தான். இத்தனை நாளில் எத்தனை சிலிண்டர் அனுப்பியிருக்கிறோம் என்று அவர் எடுத்துச் சொன்னால் மனசு இறங்காமலா போகும்? திரும்பி நடந்தான்.

ஸ்டோர் பூட்டியிருந்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மற்ற மெக்கானிக்குகள் வேலை செய்யும் இடத்தில் எல்லாம் கேட்டுப் பழகிய சத்தம்தான். இங்கே அதற்கு என்ன வேலை என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

மதில் ஓரமாக, கவிழ்த்த வாளிமேல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆமை சற்று முன் இறக்கிய சிலிண்டர், வாய் திறந்து சீறிக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்திலும் அதன் வயிற்றில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"அண்ணே."

அவர் பதறி வால்வை மூடினார். அதற்குள் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆலையை மூடிவிட்டார்களாம், கட்டுப்படியாகவில்லையாம். சிலிண்டர் எடுக்க வரும் வண்டி நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. இவன் அந்த மெஷினைத் துடைத்து எடுத்ததற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஈரத் துண்டோடு கிடந்த அந்த நோயாளி அவன் கண்முன் வந்து போனார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேண்ணே."

ஸ்டோர்காரர் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உன் மூஞ்சியைப் பார்த்தேன். சொல்ல வாய் வரல தம்பி. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நீ உசுரோட நடமாடறேன்னு தெரிஞ்சுது. மறுநாளும் நீ வேலைக்கு வரணுமேன்னுதான், தினமும் நானே திறந்து விட்டேன்."