கால் சுற்று

மண்ணெண்ணெய் வால்வை முழுக்க மூடினாள். மூடியதோடு விடவில்லை. அதன் இரும்புச் சக்கரத்தையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியோரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி யாரும் திறக்க முடியாது.

மேலே நடைபாலத்தில் ஏழெட்டு ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காலை ஷிஃப்ட் ஃபோர்மேன் சேவுகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருக்கிற எண்ணெயையும் நிறுத்திட்டா நுரை எங்கிட்டிருந்தும்மா வரும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அரைத்த கல்மாவு தண்ணீரோடு தொட்டியில் சுழல்கிறது. மண்ணெண்ணெய் அதிலுள்ள கிராஃபைட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெய் ஒட்டியதைக் குமிழி பிடித்துக்கொண்டு மேலே வரும். வெறும் கல் அடியில் போய்விடும். அந்த ஆலையில் எழுபது குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த நுரைதான். எண்ணெய் இல்லாமல் கிராஃபைட் ஏறாது என்பது கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும்.

மூன்று நாளாக நுரை செத்துக் கிடந்தது.

குமிழி வந்தது. வந்த வேகத்தில் உடைந்தது.

ஆளாளுக்கு அடுத்த ஷிஃப்டைக் கை காட்டினார்கள். கடைசியில் எல்லாக் கையும் லேப் பக்கம் திரும்பி, அங்கே வேலை பார்க்கும் அவள்மேல் நின்றது. சேர்ந்து ஐந்து மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழி போட இதைவிட வசதியான ஆள் கிடைக்காது.

காலையில் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இரண்டு மணிச் சங்குக்குள் நுரை வராவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குச் சற்று முன் கை கழுவும்போதுதான் விஷயம் பிடிபட்டது. கழிவுக் குளத்தில் தெளிந்து மறுபடி ஆலைக்கு வரும் தண்ணீர். எத்தனை தடவை கழுவியும் கை வழுக்கியது. போய் எண்ணெய் பீப்பாயில் குச்சி விட்டுப் பார்த்தாள். பதிவேட்டில் மூன்று ஷிஃப்டும் ஒரே அளவு. பீப்பாய் அப்படிச் சொல்லவில்லை; எண்ணெய் அதைவிட இறங்கியிருந்தது.

நுரை லேசாக மெலிந்தால் போதும். தன் ஷிஃப்டில் பேச்சு வாங்கக்கூடாது என்று ஒருவர் வால்வைக் கால் சுற்று கூடுதலாகத் திறந்திருக்கிறார். அடுத்து வந்தவர் அதற்கு மேல் ஒரு கால். அதற்கடுத்தவரும் அப்படியே. யாரும் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேள்வி வரும்.

எண்ணெய் அளவு மீறினால், குமிழியை உடைப்பதே அந்த எண்ணெய்தான்.

அதனால் வால்வை மூடினாள். குளத்துத் தண்ணீரை நிறுத்தி, போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தொட்டிக்குள் ஊறிக் கிடக்கிற எண்ணெயே இன்றைக்குப் போதும், மிஞ்சக்கூடச் செய்யும்.

மணி ஒன்றரை. ஒன்றும் இல்லை.

ஒன்றே முக்கால். அழுக்குத் தண்ணீர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மேலே யாரோ சிரித்தார்கள்.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். சக்கரத்தை மாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

சங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு குமிழி வந்தது.

உடையவில்லை.

அதை ஒட்டி இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. கருகருவென்று, மினுமினுத்துக்கொண்டு, நுரை தொட்டியை நிறைத்து விளிம்பு தாண்டி வாய்க்காலில் சரிந்தது. முதல் தொட்டி. இரண்டாவது. வரிசையாக ஆறும்.

கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டுவரை பளபளத்தது.

அவளுக்கு விசில் அடிக்க வரும். அந்த ஆலையில் யாருக்கும் அது தெரியாது. மற்றக் கையின் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து அடித்தாள். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

சங்கு அதற்கப்புறம்தான் ஊதியது.

மாலை ஷிஃப்ட் ஃபோர்மேன் ஜெபமாலை உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே மேனேஜர். ஆறு தொட்டியையும் நடந்து பார்த்துவிட்டு அவளிடம் வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

குளத்துத் தண்ணீரில் எண்ணெய் சேர்ந்துவிட்டது என்றாள்.

எப்படிச் சேர்ந்தது?

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மூன்று ஷிஃப்ட் ஃபோர்மேன்களுக்கும் மெமோ நிச்சயம். மூன்று நாள் தன்னைக் கை காட்டியவர்கள். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

குனிந்து நுரையைப் பார்த்தாள். அதன் அழகு வாயை அடைத்துவிட்டது.

நடைபாலத்துப் படியில் ஒருவர் இறங்கி வந்தார்.

"நான் ஒரு கால் சுத்து கூட வச்சேன் சார்" என்றார் சேவுகன்.



"நானும் ஒரு கால்" என்றார் ஜெபமாலை.

மூன்றாவது ஃபோர்மேன் இராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சேவுகன் அவருக்குப் போன் போட்டார்.