தொட்டது நான்தான்

"ஆமாங்க, தொட்டேனுங்க" என்று மணிகண்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீர்த்தனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பாத்தீங்களா சார்? நாஞ் சொன்னப்ப நம்புனீங்களா?" என்று முதலாளி கந்தசாமியிடம் திரும்பினாள்.

ஏற்காடு டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. எஸ்டேட் ஆட்களின் வைத்தியச் செலவு விவரங்களைக் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்ப வழிசெய்வது கீர்த்தனாவின் வேலை. போகிற வழியில் யாரும் பிரித்துப் படித்துவிடாமல் முத்திரை வைத்து அனுப்ப, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பாதுகாப்பு லைப்ரரி என்னும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்திருந்தாள். அதன் முதல் பக்கத்திலேயே 'தொடங்குவது எளிது' என்று போட்டிருந்தது.

எளிதாகத்தான் இருந்தது. அனுப்புவதும் வாங்குவதும் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே என்று சாம்பிள் ஓட்டிப் பார்த்தால், இன்றைக்கும் எல்லாம் சரியாக வருகிறது. காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பினால் மட்டும் 'பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை' என்று ஒற்றை வரியில் திரும்புகிறது. இத்தனைக்கும் போன வாரத் தொடக்கத்தில் அனுப்பிய சோதனைச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கே தப்பு என்று தெரியாமல் மறுபடி மறுபடி அந்த முதல் பக்கத்துக்கே போய் நின்றாள். பின்னால் நடந்து போகிறவர்கள் கண்ணுக்கெல்லாம் அந்தப் பக்கம்தான் பட்டது. "இன்னும் அங்கியேதான் இருக்கீங்களா?" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டதற்கு அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். இன்று சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் வேலை சேலத்துக் கம்பெனிக்குப் போய்விடும். புதிதாகச் சேர்ந்த அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த அமளியில் ஒரே ஆறுதல் அடிவாரம் போகும் கடைசி பஸ். ஆபீசுக்குள் செல்போன் கூடாது. கம்ப்யூட்டர் மூலையில் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடுவாள். போன வாரம் ஒருநாள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டு வந்த குழந்தையை நினைத்து அழுது, கடைசியில் ஒரு காய்கறி வேனில் தொற்றிக்கொண்டு போனாள். இந்த வாரம் அந்த ஓட்டமே இல்லை. அவள் ஸ்டாப்பில் நின்று ஒரு சோளக்கதிரை ஆற அமரத் தின்று முடித்த பிறகுதான் பஸ் வருகிறது.

இன்று காலையில்தான் கூட வேலை பார்க்கும் மலர் அந்தத் துப்பைக் கொடுத்தாள். "போன வாரம் நீங்க டீக்குப் போயிருந்தப்ப, மணிகண்டன் உங்க சிஸ்டத்துல என்னமோ பண்ணீட்டிருந்தாருங்க."

காப்பீட்டு வேலை முதலில் மணிகண்டனிடம் இருந்தது. கீர்த்தனா சேர்ந்ததும் முதலாளி அதை அவளிடம் மாற்றிக் கொடுத்திருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பாஸ்வேர்ட மாத்துனீங்களா? முத்திர வைக்கிற சாவிய அழிச்சீங்களா? சொல்லுங்க!"

"அதெல்லாம் தொடலீங்க. அது வந்துங்க..." மணிகண்டன் சுற்றி நின்ற எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"கையில இருந்த வேல போயிருச்சுன்னு வயித்தெரிச்சல்! ஒரு வாரமா நான் எல்லார்த்து முன்னாலயும் முட்டாளா நின்னேன். நீங்க பக்கத்து சீட்ல உக்காந்து வேடிக்க பாத்தீங்க!"

"நொம்ப நல்ல பையன்னு நெனச்சிருந்தேம்ப்பா" என்றார் கந்தசாமி. "நாளைல இருந்து வராத."

அவன் டிபன் கேரியரை எடுத்துப் பைக்குள் வைத்தான். உள்ளதைச் சொன்னால், கீர்த்தனாவுக்கு அது இனிக்கத்தான் செய்தது. ஒரு வாரத்து அவமானத்தை இறக்கி வைக்க ஒரு தலை கிடைத்துவிட்டது.

அவன் கதவைத் தாண்டவும் ஆபீஸ் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. பேசியது காப்பீட்டுக் கம்பெனி ஹேமலதா.

"உங்க சாவி, கையெழுத்து எல்லாமே சரிதாங்க, கீர்த்தனா. அனுப்புன நேரந்தான் தப்பு. இன்னும் வராத நேரத்தப் போட்டு அனுப்புனா லைப்ரரி உள்ள விடாதுங்க. உங்க சிஸ்டம் கடிகாரம் கால் மணி நேரம் முன்னால ஓடுது பாருங்க."

ஓடத்தான் செய்தது. அது தானாகத் திருத்திக்கொள்வதையும் யாரோ மெனக்கெட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். மணியைச் சரிசெய்து அனுப்பியதும் செய்தி போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கந்தசாமி, "கெட்டிக்காரி கண்ணு நீ" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்த மிதப்பு விடவில்லை. தடதடவென்று இறங்கிப் போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் இன்னும் போகாமல் நின்றிருந்த மணிகண்டனைப் பிடித்தாள்.

"கடிகாரத்த முன்னால தள்ளி வச்சு என்னய அசிங்கப்படுத்துனதுல உங்களுக்கு என்னங்க கெடச்சுது?"

"கடிகாரத்தாலயா செய்தி போகல?" அவன் முகம் வெளிறியது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்தியிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு வச்சீங்க? மேல கேட்டப்பவே சொல்ல வேண்டியதுதான?"

படியில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பஸ்ஸ விட்டுட்டு ஸ்டாப்புல நின்னு அழுதீங்களே, அத எப்படிங்க எல்லார்த்து முன்னாலயும் சொல்றது?"