இடப்பக்க ஸ்பீக்கர்

பழைய ஸ்டீரியோ விற்பனைக்கு இருக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். கதவைத் திறந்த பெரியவர் ஹாலைக் காட்டினார். நடுவில் ரெக்கார்ட் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும், இருபுறமும் இடுப்புயர ஸ்பீக்கர்கள்.

ரெக்கார்டைப் போட்டு வால்யூமைக் கூட்டினேன். அவர் கை சட்டென்று குறுக்கே வந்து குறைத்தது.

"உள்ள யாராச்சும் தூங்குறாங்களா சார்?"

"இல்ல தம்பி. பழக்கதோஷம்."

வலப்பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் பாடியது. இடப்பக்கம் வாயே திறக்கவில்லை. எனக்கு உள்ளூரக் குஷி.

"ஒண்ணு அவுட்டு சார். பாதி விலைக்குக் கொடுத்துடுங்க."

"சரி."

இப்படியொரு பேரத்தை நான் பார்த்ததில்லை. ரெக்கார்டை நிறுத்தக் குனிந்தபோதுதான் கவனித்தேன். ஒலியை இருபக்கமும் பங்கிடும் பேலன்ஸ் குமிழ், வலக்கோடிக்குத் திருகிக் கிடந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தேன். இடப்பக்கமும் கணீரென்று பாடியது.

மனசு உறுத்தியது.

"சார், இது ரிப்பேரே இல்ல. யாரோ குமிழைத் திருகி வச்சிருக்காங்க."

"நான்தான். அந்த ஸ்பீக்கர் பக்கத்துலதான் என் வீட்டுக்காரி கட்டில் இருந்துச்சு. லேசா சத்தம் கேட்டாலும் முழிச்சுக்குவா. முழிச்சா வலிதான்."

ஸ்பீக்கர் அருகே, தரையில் கட்டில் கால்கள் அழுந்திய நான்கு தடங்கள் மட்டும் இருந்தன.

"நல்லாத்தான் பாடுது சார். நீங்களே வச்சுக்கலாமே."

அவர் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை வால்யூமைக் குறைக்கவில்லை.

"அவ போனப்புறமும் குமிழை நடுவுல வைக்க எனக்கு மனசு வரல. நீங்க வச்சிட்டீங்க. எடுத்துட்டுப் போங்க."