கடலைப்பொடி ஆராய்ச்சி

ஈஸ்வரிதான் கடலைப்பொடியைக் கபளீகரம் பண்ணுகிறாள் என்பதில் யுவராணிக்குச் சந்தேகமே இல்லை.

மாதம் முழுக்க வரவேண்டிய டப்பா, பாதி மாதத்திலேயே காலி. கேட்டால், "பிள்ள நல்லா திங்கிறான்க்கா" என்கிறாள். அவனுக்கு முளைத்திருப்பதே ரெண்டு பல்.

உச்சிப்புளிப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கிற அலர்ஜி ஆராய்ச்சி அது. கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தினமும் கூழில் ஒரு கரண்டி நிலக்கடலைப்பொடி. மீதிப் பேருக்குக் கடலையை வாசனைகூடக் காட்டக்கூடாது. வளர்ந்தபிறகு யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்று பார்ப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கண்காணிப்பது யுவராணியின் வேலை.

ஈஸ்வரி மகனுக்குப் பொடி உண்டு. அடுத்த வீட்டு ஜெயசுதா மகளுக்குக் கிடையாது. பக்கத்துப் பக்கத்து வீடாச்சே, கலந்துவிடாதா என்று டாக்டர் அப்துல் அஜீஸ் அப்போதே தயங்கினார். யுவராணிதான் அடித்துச் சொன்னாள்.

"ஜெயசுதா ஆடு ஈஸ்வரியோட கத்தரி நாத்த மேஞ்சதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல சார். இதவிடப் பந்தோபஸ்து நமக்குக் கிடைக்காது."

சிரித்துக்கொண்டே சம்மதித்தவர், இப்போது சிரிக்கவில்லை. பொடி போகிற இடம் தெரியாவிட்டால் இந்த ஊரையே ஆராய்ச்சியிலிருந்து தள்ளிவிடுவேன், கூடவே உன் வேலையும் போகும் என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் அவளையும் ஏற்றிக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் யுவராணி தன் துப்பறிதலைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஈஸ்வரி புருசன் பூமிநாதனுக்குச் சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடிக்கிறதாம். சட்னியாகத்தான் போகிறதாம்.

கொல்லைப்பக்கமாகச் சத்தமில்லாமல் போய் நின்றார்கள்.

பனையோலை வேலியோரம் ஈஸ்வரி கூழ்க் கிண்ணத்தோடு குந்தியிருந்தாள். இடுப்பிலிருந்த மகனுக்கு ஒரு வாய். அடுத்த வாய், ஓலை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போனது. அங்கே ஜெயசுதா மகள், மண்ணில் சப்பணம் போட்டு, வாயைத் திறந்தபடி தயாராக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி, அவளுக்கும் உனக்கும்தான் ஆகாதே?" என்றாள் யுவராணி.

"அவளுக்கும் எனக்கும்தான ஆகாது? இந்தப் பச்சமண்ணு என்னக்கா செஞ்சுச்சு? அதப் பாக்க வச்சுக்கிட்டு இவனுக்கு மட்டும் ஊட்டுனா, இவனுக்குல்ல வயித்த வலிக்கும்."

இது கடலை ஆராய்ச்சி, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார். அத இந்தப் பிள்ளைகிட்டயே ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றாள்.

பிள்ளை டாக்டரைப் பார்த்தது. மறுபடி வாயைத் திறந்தது.

அவர் எழுந்து யுவராணியைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு ஜெயசுதாவுக்குத் தெரியாமத்தான் நடந்திருக்கும். போய்ச் சொல்லு. அவளே தடுத்துருவா. உன் வேலையும் தப்பும்."

யுவராணி ஓட்டமாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஜெயசுதா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவள் சேலையை வரிந்துகட்டிச் சண்டைக்குக் கிளம்புவாள் என்று ஆசையோடு காத்து நின்றாள்.

ஜெயசுதா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரியும்க்கா. அவ மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல. அதான் கிண்ணச் சத்தம் கேட்டதும், பிள்ளைய வேலியோரம் உக்கார வச்சிட்டு இங்கன வந்துருவேன்."