சமோசாத் தட்டில் ஆஸ்டர்லிட்ஸ்

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்களை நல்லையா வாத்தியார் வெட்கமே இல்லாமல் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

பர்மாவில், தாமுவே பேட்டையில், மாடிப்படிக்குக் கீழே தன் டீக்கடையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த புஷ்பாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கட்டாயச் சேவைக்குக் குலுக்கிப் போட்டதில் அவள் மகன் சுரேந்திரன் பெயரும் விழுந்திருந்தது. மூன்றாம் மாடியில் அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் எழுப்பலாம் என்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புஷ்பா, இவங்களுக்கு ரெண்டு தோசை போடும்மா. முறுகலா."

இனி நகர்ந்தால் சந்தேகம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டியல் வைத்திருந்த கோ தூரா, வாத்தியாரிடம் டியூஷன் படித்தவன். ஸயா, அதாவது ஆசான், பேசும்போது மாணவன் எழுந்து போவது அந்த ஊரில் பெற்ற தாயை அவமதிப்பதற்குச் சமம். கூட வந்த சிப்பாயும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான்.

வாத்தியார் பர்மியில் ஆரம்பித்தார். "ஆஸ்டர்லிட்ஸ் யுத்தம். இந்த சமோசாத் தட்டுதான் மேடு. மேலே எதிரி. நெப்போலியன் தன் வலப்பக்கத்தைப் பலவீனமாக் காட்டினான். அடிச்சுடலாம்னு எதிரி கீழே இறங்கினான். பள்ளத்துல ஒரே பனிமூட்டம். பனி விலகுறப்ப பார்த்தா, பிரெஞ்சுக் காலாட்படை மேடேறி வந்துக்கிட்டிருக்கு."

டீக் கோப்பைகள் மேடேறின. மேட்டில் பாதியை வாத்தியாரே தின்றுவிட்டார். கரப்பான் பூச்சியைக் கண்டாலே மனைவி கனகாம்பாளைக் கூப்பிடுகிற வீரர் அவர்.

"பீரங்கி எந்தப் பக்கம், ஸயா?" என்று கோ தூரா கேட்டான். "பனி எத்தனை மணிக்கு விலகிச்சு? மேட்டுல மிச்சம் எத்தனை பேர்?"

படிக்கிற காலத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் இவன் ஏன் ஊரான் பிள்ளையைப் பிடிக்க அலைகிறான் என்று புஷ்பா மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

அரைமணி கழித்துத்தான் நெப்போலியன் ஜெயித்தான். இருவரும் மாடி ஏறினார்கள். கல்லில் தோசை கருகியது.

போன இரண்டு பேர்தான் இறங்கி வந்தார்கள்.

"ஆள் இல்லை. மகன் எங்கே, புஷ்பாம்மா?" என்றான் சிப்பாய்.

"தூங்கிட்டுத்தானே இருந்தான்?"

அவள் முகம் வெளிறிய வெளிறலைப் பார்த்துச் சிப்பாயே நம்பிவிட்டான். கோ தூராவிடமிருந்து பட்டியலை வாங்கி ஏதோ கிறுக்கிக்கொண்டு நடந்தான். கோ தூரா வாத்தியாரைக் கும்பிட்டுவிட்டுக் குனிந்தபடி பின்னால் போனான்.

"எம்புள்ள எங்கே போனான்? அவனுங்களுக்கு விருந்து வச்சீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று சீறினாள் புஷ்பா.

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "தெருமுனையில இவங்களைப் பார்த்ததுமே கனகாம்பாளை மேலே அனுப்பிட்டேன். பின்படியால இறக்கி இந்நேரம் மாவ்பி போற பஸ்ல ஏத்தியிருப்பா. உன்கிட்ட சொல்லியிருந்தா உன் முகமே காட்டிக் கொடுத்திருக்கும்."

புஷ்பா மாவுக் கையோடு அவரைக் கும்பிட்டாள்.

"என்னை எதுக்கும்மா கும்பிடுறே? என் பாடம் பத்து நிமிஷந்தான். உன் புள்ளைக்குச் சட்டை தேடவே அது பத்தாது. பாக்கி இருபது நிமிஷத்தை ஓட்டினது கோ தூரா கேட்ட கேள்விங்கதான்."

"பாவம், தெரியாம கேட்டுட்டான் போல."

"தெரியாமலா? இதே ஆஸ்டர்லிட்ஸ்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கினவன்ம்மா அவன்."